5ஜி ஏலத்தில் படுவான்கரையை யார் கணக்கில் எடுப்பது?

வட்டைக்காரன் (களுவாஞ்சிக்குடி):

நீளமாக எழுதப் போகிறேன், நேரம் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எனக்கு வீடு களுவாஞ்சிக்குடியில், வயல் தாந்தாமலைப் பக்கம். பெரும்போகம் தொடங்கினால் வாரத்தில் நான்கு நாள் வட்டையில், அதாவது வயல்வெளியில்தான் படுக்கை. வீட்டில் இருக்கும்போது மகள் டுபாயில் இருந்து வீடியோவில் கதைப்பாள், பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்திருப்பது கூடத் துலக்கமாகத் தெரியும். மட்டக்களப்பு வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குள் போகப் போக போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, வயலில் இருக்கிற என் வாடிக்கு, அதாவது குடிசைக்குப் போய்ச் சேரும்போது ஒன்றுமே இல்லை.

போன தை மாதம் இரவு ஒரு மணி இருக்கும், யானை வந்து பக்கத்து வாடியைப் பிரித்துப் போட்டது. உள்ளே படுத்திருந்த தம்பிக்குக் கால் முறிந்துவிட்டது. 1990 அம்புலன்சுக்கு எடுக்கப் பார்த்தால் சிக்னல் இல்லை. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாத இருட்டில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டு வரை மூன்று கிலோமீற்றர் போய்த்தான் ஒரு கோடு பிடித்தேன். அந்தத் தம்பி இப்போது நடக்கிறான், அது வேறு கதை. ஆனால் அன்றிரவு முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். 5ஜிக்கு அலைக்கற்றை, அதாவது போன் வேலை செய்கிற அலைவரிசைகள், கம்பனிகளுக்கு ஏலம் என்று செய்தியில் கதைக்கிறார்களே, அந்தக் கணக்கில் என் வட்டை எங்கே இருக்கிறது?

விசாரித்துப் பார்த்ததில் ஒரு விசயம் பிடிபட்டது. கம்பனிகள் கவரேஜ் இத்தனை வீதம் என்று சொல்வது பெரும்பாலும் சனத்தொகையை வைத்து. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள், காத்தான்குடியை எடுத்தால் நாட்டிலேயே நெருக்கமான ஊர்களில் ஒன்று. அந்தக் கீற்று நிலத்தில் கோபுரங்களை நட்டாலே மாவட்டத்தின் வீதம் நிரம்பிவிடும். படுவான்கரையில் ஆள் குறைவு, நிலம் அதிகம். ஆனால் எழுவான்கரைக்காரர்கள் எத்தனை பேர் பகலில் படுவான்கரையில் உழைக்கிறார்கள்? எங்களை வீட்டு முகவரியில் எண்ணிவிட்டு, வயலில் விட்டுவிடுகிறார்கள்.

அலைக்கற்றை உரிமம் கொடுக்கும்போது என்ன நிபந்தனை போட வேண்டும் என்று நாம் கேட்கலாம் தானே? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனை நானா:

அண்ணன், நீங்கள் சொல்வது சம்மாந்துறைக்கு மேற்கே உள்ள வயற்கண்டங்களுக்கும் அப்படியே பொருந்தும். நெல் வெட்டு மெஷின்காரருக்கு கோல் எடுக்க ரோட்டுக்கு வர வேண்டி இருக்கிறது. மழை இறங்குகிற நேரத்தில் ஒரு மணித்தியாலம் பிந்தினால் ஏக்கர் கணக்கில் நெல் சாய்ந்து போகும். இதை வசதி என்று பார்க்கிறார்கள், எங்களுக்கு இது தொழில்.

ஏணிக்காரன் (செங்கலடி):

நான் கோபுரங்களில் ஏறி அன்டெனா பூட்டுகிற வேலை. பதினொரு வருசமாகச் செய்கிறேன். கம்பனி பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லலாம்.

முதலில் 5ஜி என்பது ஒரே ஒரு பொருள் இல்லை. உலகத்தில் அதிகமாக 5ஜிக்குக் கொடுப்பது 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைக்கற்றை. அதில் இடம் தாராளமாக இருக்கிறது, அதனால் வேகம் வரும். ஆனால் அதன் அலை நீளம் எட்டு ஒன்பது சென்ரிமீற்றர்தான், சுவர், மரம், கூரைத் தகடு எல்லாவற்றிலும் அடிபடும். ஊருக்குள் ஒரு கிலோமீற்றர் தள்ளி நல்லபடியாக வேலை செய்தாலே திருப்தி. 26, 27 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அது சில நூறு மீற்றர், ஒரு கை குறுக்கே வந்தாலே குறையும். அதைப் பற்றி நாம் கதைத்துப் பயனில்லை.

மறுபக்கம் 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ். 700-இன் அலை நீளம் 43 சென்ரிமீற்றர். மெதுவானது, ஆனால் நெடுந்தூரம் போகும், மரத்துக்குள்ளும் நுழையும். நம்முடைய மாவட்டம் மேசை மாதிரித் தட்டை. உயரமான கோபுரத்தில் குறைந்த அலைவரிசையைப் பூட்டினால் வயல்வெளியில் பத்துக் கிலோமீற்றர் தாண்டியும் கதைக்கலாம். மலைநாட்டுக்குக் கிடைக்காத கொடுப்பினை இது. அதனால் படுவான்கரைக்கு ஊருக்கு ஊர் கோபுரம் வேண்டாம், சரியான இடத்தில் சில போதும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. போனில் இரண்டு கோடு காட்டும், ஆனால் கோல் போகாது. ஏன் என்றால் கோடு காட்டுவது கோபுரத்தில் இருந்து உங்களுக்கு வருகிற சத்தம். கோபுரம் பத்து இருபது வாட்டில் கத்துகிறது, உங்கள் போன் ஐந்தில் ஒரு பங்கு வாட்டில் முனகுகிறது. கோபுரத்தின் குரல் உங்களுக்குக் கேட்கும், உங்கள் குரல் கோபுரத்துக்குக் கேட்காது. வாவியோரத்தில் மண்டூர்ப் பக்கம் நிற்பவர்கள் இதைத் தினமும் பார்ப்பார்கள், தண்ணீருக்கு மேலால் எழுவான்கரைக் கோபுரம் தெரியும், ஆனால் கதை அறுந்து அறுந்து போகும். அதனால் நிபந்தனை எழுதும்போது "சிக்னல் இருக்க வேண்டும்" என்று எழுதினால் போதாது. "கோல் எடுத்துக் கதைக்க முடிய வேண்டும், இத்தனை வேகத்தில் தரவு மேலே போக வேண்டும்" என்று எழுத வேண்டும்.

மண்டூர் டீச்சர்:

ஏணிக்காரன் தம்பி, குருமன்வெளிப் பாதையில், ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவையில் ஏறி வாவிக்கு நடுவே வரும்போது போன் நன்றாக வேலை செய்வதும் இறங்கி இரண்டு தெரு உள்ளே போனதும் திணறுவதும் ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. நன்றி.

2020, 2021-இல் ஒன்லைன் வகுப்பு நடத்திய காலத்தை நான் மறக்க மாட்டேன். நாடு முழுக்கப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறினார்கள். என் வகுப்பில் 34 பிள்ளைகள், இணைந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களுக்குப் பாடத்தை எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து, கடைக்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பிள்ளைகள்தான் பிறகு ஓ/எல் பரீட்சை எழுதினார்கள், எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்.

கல்லடிக்காற்று:

எல்லாரும் கோபிக்க வேண்டாம், மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன். நான் வீட்டில் இருந்து வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வீடியோ எடிட்டிங் செய்கிறேன். எனக்கு வேகம்தான் சோறு. ஒரு கோப்பை அனுப்ப விடிய விடியக் காத்திருக்கிறேன். 5ஜி முதலில் தேவை இருக்கிற இடத்துக்கு வரட்டும், கம்பனி உழைக்கட்டும், உழைத்த காசில் பிறகு உள்ளே போகும். முதல் நாளே காட்டுக்குள் கோபுரம் போடு என்று கட்டாயப்படுத்தினால் ஒன்று ஏலத்துக்கு வர மாட்டார்கள், இல்லாவிட்டால் அந்தச் செலவை எங்கள் தலையில் கட்டுவார்கள். 2022 செப்டெம்பரில் ஒரே அடியாக 20 வீதம் கட்டணம் கூடியது ஞாபகம் இருக்கிறதா? கோல் கட்டணத்தில் தொலைத்தொடர்பு வரியை 11.25-இல் இருந்து 15 வீதமாக்கியதும் அதே வருசம். வற் வரி இப்போது 18. இதற்கு மேலும் ஏற்றினால் யார் தாங்குவது?

வட்டைக்காரன்:

தம்பி, கோபம் ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் "உழைத்த பிறகு உள்ளே வரும்" என்பதை 3ஜி காலத்திலும் சொன்னார்கள், அது 2006. 4ஜி காலத்திலும் சொன்னார்கள், அது 2013. தாந்தாமலையில் நான் இன்னும் குளக்கட்டில் ஏறி நிற்கிறேன். எத்தனையாவது ஜி வரும்போது அந்த உழைப்பு உள்ளே வரும்?

இன்னொன்றும் சொல்கிறேன். என் வாடிக்கு 5ஜி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு கோல் போக வேண்டும், வட்ஸ்அப்பில் பூச்சி பிடித்த இலையைப் படம் பிடித்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்ப முடிய வேண்டும். அது 4ஜியாக இருந்தால் என்ன, எதுவாக இருந்தால் என்ன. ஊருக்குள் 5ஜி போடுகிற உரிமத்தை வாங்குகிறவர், அதே உரிமத்தின் விலையாக, வெளியே எந்தத் தலைமுறையிலாவது ஓர் அடிப்படைச் சேவையைத் தர வேண்டும். உங்களுக்கு வேகம் கிடைக்கும், எனக்கு ஆபத்துக்கு ஒரு குரல் கிடைக்கும். இதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏணிக்காரன்:

அண்ணன் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிக்கிறேன், விசயத்தின் நடு நரம்பு இதுதான்.

ஏலம் என்றால் அரசாங்கம் காசு எதிர்பார்க்கும், நம்முடைய நாட்டின் நிலைமைக்கு அது விளங்குகிறது. ஆனால் அலைக்கற்றைக்கு அதிக விலை கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியா நல்ல உதாரணம். 2016-இல் 700 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி ரூபாய் என்று அடிவிலை வைத்தார்கள். ஒருவர் கூட வாங்கவில்லை. 2021 ஏலத்திலும் அது விலை போகவில்லை. 2022-இல் அடிவிலையை 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான், அதுவும் ஜியோ மட்டும், வாங்கியது. கிராமத்துக்கு மிகவும் பொருத்தமான அலைக்கற்றை ஆறு வருசம் யாருக்கும் பயன்படாமல் காற்றிலேயே கிடந்தது. அந்த ஆறு வருசத்தை எந்தக் கஜானாவும் திருப்பித் தர முடியாது.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2019 ஏப்ரலில் 5ஜி அலைக்கற்றையை ஏலம் விடவில்லை, திட்டத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். நாட்டைப் பத்துக் கிலோமீற்றர் சதுரக் கட்டங்களாக, ஏறத்தாழ 4,500 கட்டங்களாகப் பிரித்து, ஐந்து வருசத்துக்குள் குறைந்தது பாதிக் கட்டங்களில், மற்றக் கோபுரங்களை இணைக்கிற தலைமை நிலையம் அமைக்க வேண்டும் என்று நிபந்தனை. தலையை எண்ணவில்லை, நிலத்தை எண்ணினார்கள்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். மட்டக்களப்பு மாவட்டம் ஏறத்தாழ 2,850 சதுர கிலோமீற்றர், நூறால் வகுத்தால் 28, 29 கட்டம். கரையோரம் மட்டும் பத்துப் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். பாதி என்று சொன்னாலே கம்பனி வாவியைத் தாண்டியாக வேண்டும். நான் கேட்பது பாதி இல்லை, எல்லாக் கட்டமும். ஆனால் எல்லாக் கட்டத்திலும் 5ஜி என்று கேட்க மாட்டேன், அண்ணன் சொன்ன அடிப்படைச் சேவை போதும்.

கல்லடிக்காற்று:

கட்டம் கட்டமாக என்றால் எனக்கும் உடன்பாடு. விலையைக் குறைத்து அதற்குப் பதிலாக வேலையைக் கேட்பது என்றால் கட்டணம் ஏறத் தேவையில்லை. நான் முதலில் எழுதியதில் அந்தப் பகுதியை மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் 700 மெகாஹெர்ட்ஸ் இங்கே காலியாக இருக்கிறதா?

ஏணிக்காரன்:

நல்ல கேள்வி. முழுதாக இல்லை, அங்கேதான் தொலைக்காட்சி நிற்கிறது. கூரையில் மீன் முள்ளு மாதிரி அன்டெனா பூட்டிப் பார்க்கிற அனலாக் ஒளிபரப்பு அந்தப் பக்கத்து அலைவரிசையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிஜிட்டலுக்கு மாறினால் அதே நிகழ்ச்சிகளைக் கொஞ்ச இடத்துக்குள் அடக்கிவிட்டு மிச்சத்தைப் போனுக்குக் கொடுக்கலாம். இலங்கை 2014-இல் ஜப்பானின் டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது, ஆனால் வேலை இழுபட்டுக்கொண்டே போகிறது. படுவான்கரையில் சிக்னல் இல்லாததற்கும் கொழும்பில் டிவி டிஜிட்டல் ஆகாததற்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை. அதுவரை 900-ஐ வைத்தே நிறையச் செய்யலாம்.

ஆரையம்பதி அம்மா:

நீங்கள் எல்லாரும் கோபுரம் வேண்டும் என்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒன்று நிற்கிறது, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2019-இல் மாநகர சபை ஸ்மார்ட் விளக்குக் கம்பம் போட்டபோது 5ஜி கோபுரம் என்று சொல்லி மக்கள் மறித்தார்களே. அவர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்களா? பிள்ளைகள் வளர்கிற வீடு, கேட்காமல் என்ன செய்வது?

மண்டூர் டீச்சர்:

அக்கா, பயப்படுவது பிழை இல்லை. நான் விஞ்ஞானம் படிப்பிப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்ரே போன்றவை அணுவில் இருந்து இலத்திரனைப் பிடுங்கி எறியும் சக்தி உள்ளவை, உடலின் கலத்தைக் கெடுக்கும். போன் அலை, 3.5 கிகாஹெர்ட்ஸ் உட்பட, அந்தச் சக்தியின் கிட்டக்கூட வராது. அதிகமானால் சூடாக்கும், அவ்வளவுதான். அதற்காகத்தான் ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச ஆணைக்குழு எல்லை வைத்திருக்கிறது, 2020-இல் திருத்தியும் வெளியிட்டார்கள். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் பொதுமக்களுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 10 வாட். கோபுரத்தில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நாலில் ஒன்றாகும், அதனால் வீட்டு முற்றத்தில் அளந்தால் அந்த எல்லையில் மிகச் சிறிய பங்குதான் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2011-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்த அலைகளை "2பி", அதாவது சாத்தியம் இருக்கலாம் என்ற வகையில் வைத்தது. பெரும்பாலும் போனைக் காதில் வைத்துக் கதைப்பவர்கள் பற்றிய ஆய்வுகளை வைத்து. அதை மறைக்கக் கூடாது. ஆனால் காதில் வைக்கிற போன்தான் நம் தலைக்கு மிகக் கிட்ட இருக்கிற டிரான்ஸ்மிட்டர், கோபுரம் தூரமானால் போன் தன் வலுவைக் கூட்டிக் கத்தும். கோபுரம் கிட்ட இருந்தால் போன் அடங்கி வேலை செய்யும்.

ஆரையம்பதி அம்மா:

விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி டீச்சர். என் பயம் பாதி குறைந்தது. ஆனால் கோபுரம் கட்டும்போது யாராவது வந்து இப்படி உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே? ஒரு நாள் காலையில் பார்த்தால் குழி வெட்டுகிறார்கள். கேட்டால் "அனுமதி இருக்கிறது அம்மா" என்று ஒரே பதில்.

சபை எழுதுவினைஞர்:

அம்மா கேட்டது எங்களுக்குப் பட வேண்டிய கேள்வி. நான் ஒரு பிரதேச சபையில் வேலை, எந்தச் சபை என்று எழுத மாட்டேன். கோபுர விண்ணப்பம் வந்தால் வரைபடம், காணி உறுதி, பொறியியலாளர் சான்று, அயலவரின் சம்மதம் என்று கோப்பு தடிக்கும். எங்கள் வேலையில் குறை எங்கே என்றால், அயலவர் கையெழுத்து வாங்குவது கம்பனியின் தரகர். அவர் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார் என்று எங்களுக்குத் தெரியாது. அதை மாற்ற வேண்டும். கிராம உத்தியோகத்தர் பிரிவில் ஒரு கூட்டம் வைத்து, தமிழில் ஒரு தாளில் விளக்கி, கட்டிய பிறகு கதிர்வீச்சை அளந்து முடிவைச் சபை வாசலில் ஒட்ட வேண்டும். அளப்பது பெரிய செலவு இல்லை, அளந்ததைக் காட்டினால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

மறுபக்கம், மேற்கே போனால் தடை வேறு. காணி வனபரிபாலனத் திணைக்களத்துடையதா, மகாவலி அதிகாரசபையுடையதா, தனியாருடையதா என்பதிலேயே மாதங்கள் போகும். மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் சிக்னல் கேட்டு எழுதிய கடிதம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். எந்தத் திணைக்களத்துக்கு அனுப்புவது என்பதே கேள்வியாகி அது சுற்றிச் சுற்றி வந்தது. அலைக்கற்றைக் கட்டணத்தைக் குறைத்தாலும் காணி அனுமதிக்கு ஒரு காலக்கெடு இல்லாவிட்டால் கம்பனிக்குச் சாட்டு கிடைத்துவிடும். ஒரே மேசையில் எல்லாத் திணைக்களமும் இருந்து இத்தனை நாளுக்குள் பதில் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

கோபுரத்தைப் பகிர்வதையும் கட்டாயமாக்க வேண்டும். 1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது, கட்டமைப்பைப் பகிர்வதற்கான இடம் அதில் இருக்கிறது. ஒரே சந்தியில் மூன்று கம்பனிக்கு மூன்று கோபுரம் நிற்கிறது, பத்துக் கிலோமீற்றர் தள்ளி ஒன்றும் இல்லை. 2018 பட்ஜெட்டில் கோபுரம் ஒன்றுக்கு மாதம் 2 இலட்சம் ரூபா வரி என்று முன்மொழிந்தார்களே, அதை நான் அப்போதே பிழை என்றேன். சந்தியில் நிற்கிற மூன்றாவது கோபுரமும் காட்டுக்குள் தனியாக நிற்கிற முதல் கோபுரமும் ஒரே வரி கட்டினால் யார் காட்டுக்குப் போவார்?

பொத்துவில் கரை:

அறுகம்பையில் வெளிநாட்டுக்காரர் வருகிற மாதங்களில் சிக்னல் பறக்கிறது. பாணமையைத் தாண்டினால் கடலில் இருக்கிற மீனவருக்கு ஒன்றும் இல்லை. அது ஒரு பக்கம்.

நான் கதைக்க வந்தது மழைக்காலத்தைப் பற்றி. 2024 நவம்பர் வெள்ளத்தை யாரும் மறக்க முடியாது. காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டு போன அந்த வாரம். எங்கள் பக்கம் கரண்ட் போய் மாலைக்குள் போனும் செத்துவிட்டது. கோபுரம் விழவில்லை, நிமிர்ந்துதான் நின்றது, பற்றரி முடிந்துவிட்டது. டீசல் கொண்டு வருகிற வாகனம் வெள்ளத்தைத் தாண்டி வர முடியவில்லை. சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவே மூன்று நாள் காத்திருந்தோம். எங்கள் உம்மா 1978 சூறாவளியைச் சொல்வா, அப்போது ஊரில் போனே இல்லை, செய்தி வர நாள் கணக்கானது. இப்போது ஆளுக்கு இரண்டு போன் இருந்தும் அதே நிலைமைதானே?

ஏணிக்காரன்:

இதை நான் உள்ளே இருந்து சொல்கிறேன். சாதாரணமாகக் கோபுரத்துக்கு வைக்கிற பற்றரி சில மணித்தியாலம்தான். பழைய பற்றரி என்றால் அதுவும் இல்லை. சில இடத்தில் திருடியும் போய்விடுகிறார்கள். அதை உரிமத்தில் எழுதாவிட்டால் யாரும் தானாகச் செலவு செய்ய மாட்டார்கள். அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு 2007-இல் கோபுரங்களுக்கு எட்டு மணித்தியாலம் பற்றரி கட்டாயம் என்று விதி கொண்டு வந்தார்கள், கம்பனிகள் வழக்குப் போட்டன, விதி நடைமுறைக்கு வரவில்லை. பிறகு 2020-இல் கலிபோர்னியா காட்டுத்தீ அபாயப் பகுதிகளுக்கு 72 மணித்தியாலம் என்று போட்டது. நம்முடைய கரையும் அபாயப் பகுதிதான், சுனாமியும் சூறாவளியும் வெள்ளமும் பார்த்த கரை. எல்லாக் கோபுரத்துக்கும் 72 கேட்க முடியாது, பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒன்றிரண்டு கோபுரத்தை உயரமான நிலத்தில் வைத்து, சூரியத் தகடும் பெரிய பற்றரியும் கொடுத்து, அவற்றுக்கு மட்டும் கேட்கலாம். மட்டக்களப்பில் 14 பிரிவு, அம்பாறையில் 20. பெரிய எண்ணிக்கை இல்லை.

அதோடு, அனர்த்த நேரத்தில் எந்த சிம்மும் எந்தக் கோபுரத்திலும் ஏற விட வேண்டும். யுக்ரேனில் 2022-இல் யுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்குள் மூன்று கம்பனிகளும் ஒன்றுக்கொன்று ரோமிங் திறந்துவிட்டன. தொழில்நுட்பம் கையில் இருக்கிறது, வேண்டியது நம்முடைய தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் ஒரு கட்டளையும் முன்கூட்டியே செய்து வைத்த ஒப்பந்தமும்.

கல்முனை நானா:

காசு எங்கே என்று கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருங்கள். 2003-இல் தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற கோலில் பிடித்த காசு, கிராமப்புறக் கட்டமைப்புக்கு என்று சொல்லிப் பிடித்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கோல் யாருக்கு வந்தது? சவுதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்த எங்கள் ஊர்ப் பெண்களிடம் இருந்து. பிள்ளையின் குரலைக் கேட்க அவர்கள் செலவழித்த நிமிடத்தில் ஒரு பங்கு அது. படுவான்கரைக் கோபுரத்துக்கு அவர்கள் எப்போதோ காசு கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். அப்புறம் "கமட்ட சன்னிவேதனய" என்று ஆணைக்குழு கிராமக் கோபுரத் திட்டம் ஒன்றை இரத்தினபுரியில் தொடங்கியது. நல்ல திட்டம், அதே முறையில் இங்கேயும் கட்டம் கட்டமாகச் செய்யட்டும்.

மண்டூர் டீச்சர்:

இன்னும் இரண்டு விசயம் சேர்க்க வேண்டும். ஒன்று, பழைய தலைமுறையை நிறுத்துவது. புதிய அலைக்கற்றைக்கு இடம் வேண்டும் என்று 2ஜியை மூடினால் பட்டன் போன் வைத்திருக்கிற வயது போனவர்கள் ஒரே நாளில் தனித்துவிடுவார்கள். மூடுவதற்கு எத்தனை மாதம் முன்பு அறிவிக்க வேண்டும், மாற்றுப் போனுக்கு யார் உதவ வேண்டும் என்பது நிபந்தனையில் இருக்க வேண்டும்.

மற்றது மொழி. பொதுமக்கள் கருத்துக் கேட்கிற ஆவணம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் வட்டைக்காரன் அண்ணன் எப்படிக் கருத்துச் சொல்வார்? தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஆவணம் தமிழிலும் வர வேண்டும், தமிழில் எழுதிய பதிலையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் வரியிலேயே கேளுங்கள்.

வட்டைக்காரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் தயாராக்குகிறேன், தமிழில்தான். டீச்சர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறா. ஆனால் வெறும் கோரிக்கையாக அனுப்ப எனக்கு மனமில்லை. "உங்கள் வரைபடத்தில் இந்த இடம் பச்சையாக இருக்கிறது, நாங்கள் நின்று பார்த்தோம், கோல் போகவில்லை" என்று இடம் இடமாகக் காட்ட வேண்டும். ஏணிக்காரன் தம்பி சொல்லித் தந்த முறை இது. வேறு வேறு கம்பனியின் இரண்டு சிம்மோடு போங்கள். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் வாகனத்தை நிறுத்தி ஒரு கோல் எடுத்து ஒரு நிமிடம் கதையுங்கள். பிறகு ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். இடம், நேரம், மழையா வெயிலா என்று எழுதுங்கள். கோடு எத்தனை என்று எழுத வேண்டாம், கதைக்க முடிந்ததா இல்லையா என்று மட்டும்.

வவுணதீவில் இருந்து ஆயித்தியமலை, உன்னிச்சை வரைக்கும் நான் பார்க்கிறேன். வெல்லாவெளி, நவகிரிப் பக்கம் யார்? கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் தாண்டி? வாகரை, கதிரவெளி? சம்மாந்துறைக் கண்டங்களை நானா எடுக்கிறாரா?

கல்முனை நானா:

எடுக்கிறேன். மச்சானின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போகிறேன், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு.

பொத்துவில் கரை:

கோமாரியில் இருந்து பாணமை வரை நான். கடலுக்குள் இரண்டு மைல் வரை படகில் போயும் பார்க்கிறேன், மீனவருக்கு அதுதான் முக்கியம்.

ஆரையம்பதி அம்மா:

மகன் கிரான் பக்கம் வேலைக்குப் போய் வருகிறான். அவனிடம் இரண்டு சிம் கொடுத்து அனுப்புகிறேன். எப்படி எழுத வேண்டும் என்று ஒருவர் ஒரு மாதிரி போடுங்கள்.

வட்டைக்காரன்:

இன்று காலை பார்த்ததைப் போடுகிறேன், இப்படியே எழுதச் சொல்லுங்கள் தங்கச்சி.

உன்னிச்சைக் குளக்கட்டு, காலை 7.10, வெயில். முதல் சிம் கதைக்க முடிந்தது, படம் 40 விநாடி. இரண்டாவது சிம் கோல் போகவில்லை.
குளக்கட்டில் இருந்து கீழே இறங்கி ஒரு கிலோமீற்றர், 7.25. முதல் சிம் மூன்று முறை அறுந்தது, படம் போகவில்லை. இரண்டாவது சிம் இல்லை.
இரண்டாவது கிலோமீற்றர், வாய்க்கால் மதகடி, 7.40. இரண்டு சிம்மும் இல்லை. அங்கே வரம்பு கட்டிக்கொண்டிருந்தவர்கள் பதினேழு பேர்.